ஈடு தந்த மீன்கள்

மண்புழுவைக் கோத்துத் தூண்டில் போடுவதை நாம் சிறு வயது முதலே கண்டிருக்கிறோம். ஆனால் உயிருள்ள இரை ஏதுமின்றி, இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிப் பூச்சிபோல் தோன்றச் செய்து மீனை வசப்படுத்தும் கலையும் மிகப் பழையதே. கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஈலியன் என்னும் உரோமை எழுத்தாளர், மாசிதோனியர் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் இறகுகள் இரண்டைப் பொருத்தி ஆற்றில் வீசிய செய்தியைக் குறித்துச் சென்றுள்ளார்.

இக்கலைக்குப் பெயர்பெற்ற மீன் டிரவுட். ஆங்கிலேயர் நம் நீலகிரி ஓடைகளில் கொண்டுவந்து விட்டதும் இதுவே. தெளிந்த குளிர்நீர்தான் இதன் உலகம். நீரின் வெப்பம் 20 பாகையைத் தாண்டினாலே நலிவடையத் தொடங்கும். அங்ஙனமிருக்க, கோடையில் வெந்து தகிக்கும் அமெரிக்கத் தென்மாநிலமான ஆர்கன்சாவில், டிசம்பர், சனவரித் திங்கள்களில் மக்கள் இடுப்பளவு ஆற்றுநீரில் நின்று பொய்ப்பூச்சியை வீசி டிரவுட் பிடிக்கின்றனரே, அது எங்ஙனம் கூடிற்று?

விடை, அணைகளின் வரலாற்றில் உள்ளது. வெள்ளத்தைத் தடுக்கவும் மின்சாரம் ஆக்கவும் அமெரிக்க அரசு ஒயிட் ஆற்றையும் அதன் துணையாறுகளையும் மறித்தது. நார்ஃபோர்க் அணை 1944-இல் நிறைவுற்றது. புல் சோல்ஸ் அணையை 1952-இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் நாட்டுக்கு அர்ப்பணித்தார். கிரியர்ஸ் ஃபெரி அணையைக் கென்னடி அர்ப்பணித்தது 1963 அக்டோபர் 3-ஆம் நாள். ஏழு கிழமைகளில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நன்மைகள் விளைந்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் விளைநிலங்கள் மூழ்கின. கல்லறைகள் தோண்டப்பட்டு வேறிடம் கொண்டுசெல்லப்பட்டன. ஆழமான நீர்த்தேக்கத்தின் அடியிலிருந்து வெளிவரும் நீர் ஆண்டு முழுவதும் குளிர்ந்தே ஓடியது. வெதுவெதுப்பான நீரில் வழிவழியாக வாழ்ந்துவந்த பாஸ், கெளுத்தி முதலிய மீன்கள் அணைகளுக்குக் கீழே பெருக இயலாமல் அருகிப்போயின.

இழப்புக்கு ஈடு செய்வது தன் கடமை என்று அரசு உணர்ந்தது. 1957-இல் நார்ஃபோர்க் அணையின் அடியிலும், 1965-இல் கிரியர்ஸ் ஃபெரி அணையின் அடியிலும் மீன்பண்ணைகள் தோன்றின. பசிபிக் கரையோர ஆறுகளுக்கு உரிய வானவில் டிரவுட் ஆயிரமாயிரமாக வளர்க்கப்பட்டு ஆற்றில் விடப்பட்டது. ஐரோப்பாவைத் தாயகமாகக் கொண்ட பழுப்பு டிரவுட்டும் வந்து வேரூன்றியது. 1992-இல் கிரியர்ஸ் ஃபெரி அணைக்குக் கீழே பிடிபட்ட பழுப்பு டிரவுட் ஒன்றின் எடை 18 கிலோவுக்கும் மேல்; அந்நாளில் அது உலகச் சாதனை.

குளிர்காலம் இங்கே தனிச் சிறப்புடையது. கடுங்குளிரில் நீர்த்தேக்கத்து ஷாட் என்னும் சிறுமீன்கள் விறைத்து மடிகின்றன. மின்னுற்பத்திச் சுழலிகள் வழியே இழுக்கப்பட்டு ஆற்றில் வெண்மையாய் மிதந்து வருகின்றன. டிரவுட்டுக்கு அது விருந்து. தூண்டிற்காரரும் வெண்ணிற இறகால் முள்ளைப் புனைந்து மிதக்க விடுகின்றனர். அதே பருவத்தில்தான் பழுப்பு டிரவுட் கூழாங்கற்களுக்கிடையே முட்டையிடுகிறது. பண்பட்ட தூண்டிற்காரர் அவ்விடத்தை மிதியாமல் விலகி நடப்பர். பிடித்த மீனை நோகாமல் நீரில் விட்டுவிடுவோரும் பலர்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? சேதம் செய்தவர் ஈடு தரவேண்டும் என்னும் நெறி இங்கே மதிக்கப்பட்டது, அது பாராட்டுக்குரியது. ஆனால் ஈடு வேறு, மீட்பு வேறு. வந்தது வேறொரு மீன். பழைய ஆறு திரும்பவில்லை. பழுப்பு டிரவுட் தானே இனம் பெருக்குகிறது. வானவில் டிரவுட்டோ பெரும்பாலும் பண்ணையை நம்பியே நிற்கிறது. மீன் விடுவது நின்றுபோனால் சில ஆண்டுகளில் அது அரிதாகிவிடும். ஒருமுறை செய்த மாற்றத்துக்கு ஆண்டுதோறும் கடன் தீர்க்கவேண்டியுள்ளது.

ஆற்றைத் தடுக்கவே கூடாது என்று நாம் வாதிடவில்லை. வெள்ளத்தில் உடைமை இழந்தோர்க்கு அணை ஓர் அரண். ஆனால் எதைப் பெறுகிறோம் என்று கணக்கிடும் வேளையிலேயே, எதைத் திருப்பித் தர இயலாது என்பதையும் கணக்கிடுவது அறிவுடைமை. பண்ணையில் வளர்க்கக்கூடிய மீனுக்கு ஈடு எளிதில் கிடைத்தது. பெயர்த்தெடுத்த கல்லறைகளுக்கும், மூழ்கிய நிலத்தில் தலைமுறைகளாக உழுதவர்களின் நினைவுகளுக்கும் எந்தப் பண்ணையில் ஈடு வளர்ப்பது?