தகி: மந்தையாய் மீண்ட காட்டுக் குதிரை

மங்கோலியர் 'தகி' என்று அழைக்கும் பிரசெவால்ஸ்கி குதிரை, நடு ஆசியப் புல்வெளிகளுக்குரிய காட்டுக் குதிரையாகும். வீட்டுக் குதிரைக்கு 64 குரோமோசோம்கள், தகிக்கு 66. மஞ்சள் கலந்த பழுப்பு உடலும் குத்திட்டு நிற்கும் குட்டைப் பிடரிமயிரும் இதன் அடையாளங்கள். ரஷ்யப் பயண ஆய்வாளர் நிக்கொலாய் பிரசெவால்ஸ்கிக்குக் கிடைத்த தோலையும் மண்டையோட்டையும் கொண்டு, 1881-இல் இது அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் காட்டில் முற்றிலும் மறைந்தது. அது மீண்ட வரலாறு அதன் மந்தை வாழ்க்கையோடு பிணைந்தது.

மந்தையின் அமைப்பு

ஒரு பொலிக்குதிரை, சில பெண்குதிரைகள், அவற்றின் குட்டிகள் ஆகியவை சேர்ந்தது ஒரு மந்தை. பொலிக்குதிரை தலையைத் தாழ்த்தி, காதுகளைப் பின்னே மடக்கி, விலகிச் செல்பவற்றை மந்தைக்குள் திருப்பும். சாணக் குவியல்களை முகர்ந்து மற்ற ஆண்களின் வரவை அறியும். பெண்குதிரைகள் ஒன்றன் கழுத்தையும் முதுகையும் மற்றொன்று பற்களால் வருடி நட்பைப் பேணும். இளம் ஆண்குதிரைகள் வளர்ந்ததும் பிறந்த மந்தையை விட்டு வெளியேறித் தனிக் கூட்டமாகத் திரியும். அங்கே விளையாட்டாய்ப் பழகும் சண்டையே பின்னாளில் சொந்த மந்தை அமைக்க உதவுகிறது. இளம் பெண்குதிரைகளும் வேறு மந்தைக்குச் செல்வதால் நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் தவிர்க்கப்படுகிறது.

சிதறிய மந்தைகள்

1901-இல் விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக்கிற்காக 28 குட்டிகள் ஹாம்பர்க் கொண்டுவரப்பட்டன. மந்தைகளைக் குதிரைமீது துரத்தி, ஓடிக் களைத்த குட்டிகளைப் பிடித்தனர். அவை பல நாடுகளின் விலங்குக்காட்சிச்சாலைகளுக்குப் பிரிந்து போயின. இரண்டாம் உலகப் போரின் முடிவில் எஞ்சியவை சுமார் 30 மட்டுமே. 1969-க்குப் பின் காட்டில் தகியைக் கண்டவர் இல்லை. காட்டில் பிடிக்கப்பட்ட 12 குதிரைகளும் ஒருசில வீட்டுக் குதிரைகளுமே இன்றுள்ள தகிகளின் முன்னோர்.

சிறு அடைப்புகளில் வளர்ந்தவற்றுக்கு மந்தை ஒழுங்கைக் கற்கும் வாய்ப்புக் குறைவு. பொலிக்குதிரைகள் பெண்குதிரைகளையும் குட்டிகளையும் தாக்கிய நிகழ்வுகள் அங்கே பதிவாகியுள்ளன. எனவே எண்ணிக்கையைப் பெருக்குவது மட்டும் போதுமானதாக இல்லை.

மீட்பு

1959-இல் பிராகா விலங்குக்காட்சிச்சாலை உலகிலுள்ள தகிகளின் வம்சாவளிப் பதிவேட்டைத் தொடங்கியது. 1977-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் தகியைக் காக்க ஓர் அறக்கட்டளை உருவானது. வேலியிட்ட பரந்த புல்வெளிகளில் அது தகிகளை மந்தைகளாக வாழவிட்டது. 1992-இல் மங்கோலியாவின் ஹுஸ்தாய்க்கும் கோபிப் பகுதியிலுள்ள தகின் தாலுக்கும் தகிகள் கொண்டுவரப்பட்டன. ஹுஸ்தாயில் அவை உடனே அவிழ்த்துவிடப்படவில்லை. அடைப்புக்குள் மந்தையாய்ச் சேர்ந்து, நிலத்துக்கும் குளிருக்கும் பழகிய பின்னரே விடுவிக்கப்பட்டன.

மந்தை வாழ்க்கைக்குரிய ஆபத்தும் பின்னர் வெளிப்பட்டது. 2009–10 குளிர்காலக் கடும் பனியில் கோபியின் தகிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மடிந்தன. தகி மந்தைகள் தமக்குப் பழகிய சிறு பரப்பிலேயே தங்கிவிட, நெடுந்தூரம் அலையும் காட்டுக் கழுதைகள் பனி குறைந்த இடங்களுக்கு நகர்ந்து பெருமளவு தப்பின.

காட்டில் அற்றுப்போனதாகக் கருதப்பட்ட தகி, 2011 முதல் 'அருகிவரும் இனம்' என வகைப்படுத்தப்படுகிறது. ஒரே பேரிடரில் அனைத்தும் அழியாதிருக்க, ஒன்றுக்கொன்று தொலைவான பல இடங்களில் அதன் மந்தைகள் நிலைபெறுவது இன்றியமையாதது.