பெயர் கழற்றிய துளைகள்

பழைய கார்த் தகட்டில் இருக்கிற ஓட்டையை அடைப்பதில் என்ன வரலாறு இருந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கார் என்றாலே ஹென்றி ஃபோர்டு, கம்பெனி, மாடல், விலை. அப்படித்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. தகட்டைத் தட்டினவன் அந்தக் கதையில் வரமாட்டான். அதிலும் ஓட்டை அடைக்கிறவன் நிலைமை இன்னும் மோசம். நல்லா அடைச்ச ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. தெரிஞ்சா அது நல்ல வேலை இல்லை. தன் தடயத்தைத் தானே அழிப்பதுதான் திறமை என்றாகிவிட்ட தொழிலில், செஞ்சவன் பெயர் எங்கே நிற்கும்?

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கலிபோர்னியாவில் நடந்ததை இங்கே பேச வேண்டியிருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துப் பையன்கள் மெர்க்குரி, ஃபோர்டு, செவர்லே வண்டிகளை வாங்கினார்கள். வாங்கியதும் செய்த முதல் காரியம், பானெட்டிலும் டிக்கியிலும் இருந்த கம்பெனிப் பெயரைக் கழற்றி எறிந்தது. எழுத்து, சின்னம், குரோம் பட்டை எல்லாம் போச்சு. கழற்றின இடத்தில் வரிசையாகத் துளை நிற்கும். அதை அடைச்சாத்தான் வண்டி தன்னுடையது. முன்பக்கம் செய்வது 'நோசிங்', பின்பக்கம் 'டெக்கிங்', கதவுக் கைப்பிடியை எடுத்து மூடுவது 'ஷேவிங்' என்று பட்டறைப் பெயர்களும் பிறந்தன. இதை வெறும் அலங்காரம் என்று எழுதிவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. காசு கொடுத்து வாங்கின பொருளில் இன்னொருத்தன் பெயர் எதுக்கு என்று கேட்ட கைகள் அவை.

எதை வைத்து அடைத்தார்கள்? ஈயம். காரீயம், வெள்ளீயம் இரண்டையும் தமிழில் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கிறோம். இந்த வேலைக்கு இரண்டுமே வேணும். நூற்றுக்கு 70 பங்கு காரீயம், 30 பங்கு வெள்ளீயம். சுத்தமான காரீயம் 327 டிகிரி செல்சியசில் சட்டென்று உருகி ஓடிப்போகும். இந்தக் கலவையோ 183 டிகிரியில் இளக ஆரம்பித்து 250ஐத் தாண்டித்தான் முழுசா உருகும். இடைப்பட்ட சூட்டில் வெண்ணெய் மாதிரி நிற்கும். அந்த நேரம்தான் கைவேலைக்கான நேரம்.

முதலில் தகட்டைச் சுரண்டிப் பளபளவென்று ஆக்கி, வெள்ளீயம் கலந்த பூச்சை ஏற்ற வேண்டும். நம்ம தெருவில் பித்தளைப் பாத்திரத்துக்கு நவச்சாரம் போட்டு ஈயம் பூசினவங்க செய்ததும் இதே வேலைதான். பிறகு ஈயக் கட்டியைத் தீயில் காட்டி அப்பி, மிருகக் கொழுப்பில் தோய்த்த மரக்கரண்டியால் வழிக்க வேண்டும். கொழுப்பு இல்லைன்னா ஈயம் மரத்தில் ஒட்டிக்கும். தீ கொஞ்சம் நெருங்கினா, செஞ்சது முழுக்கத் தரையில் கிடக்கும். ஆறினதும் வளைந்த பல் கொண்ட அரத்தால் ராவி மட்டம் பார்க்க வேண்டும். கண்ணை விட உள்ளங்கைதான் அதில் நீதிபதி.

(ஈயத்தை உருக்கித் துளையில் ஊற்றுவது என்றதும் நமக்கு வேறொன்றும் ஞாபகம் வந்தே தீரும். வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனுக்கு உருக்கிய ஈயத்தையோ அரக்கையோ காதில் ஊற்று என்கிறது கௌதம தர்ம சூத்திரம். அது வேறு பட்டறை.)

இந்த வேலையில் பெயர் வாங்கியவர்கள் யார்? கிரேக்கக் குடியேறிகளின் பிள்ளைகளான சாம் பாரிஸ், ஜார்ஜ் பாரிஸ் சகோதரர்கள். கிழக்கு லாஸ் ஏஞ்சல்சில் பட்டறை வைத்திருந்த மெக்சிக வம்சாவளிக்காரர் கில் அயாலா. 1943 ஜூன் மாதம் அதே நகரத்தில், பெரிய கால்சட்டையும் நீளக் கோட்டும் போட்ட குற்றத்துக்காக மெக்சிகப் பையன்களைச் சிப்பாய்கள் தெருவில் அடித்து, உடுப்பை உரித்தார்கள். அலங்காரம் யாருக்கு அனுமதி, யாருக்குக் குற்றம் என்பது நமக்குத் தெரியாத கணக்கா? செருப்பும் குடையும் பற்றிய கதைகள் நம்ம ஊரில் இல்லையா?

1952இல் பாரிஸ் பட்டறைக்கு 1951ஆம் வருஷத்து மெர்க்குரி ஒன்றைக் கொடுத்தவர் பாப் ஹிரோஹாட்டா, ஜப்பானிய வம்சாவளிக்காரர். அதற்குப் பத்து வருஷம் முன்னால்தான் அவர் இனத்தவர் சுமார் 1,20,000 பேரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. கூரையை வெட்டித் தாழ்த்தி, கைப்பிடியும் சின்னமும் இல்லாமல் வழித்தெடுத்த அந்த வண்டி 1959இல் 500 டாலருக்கு ஒரு பையன் கைக்குப் போனது. 2022 ஜனவரியில் ஏலத்தில் அதன் விலை 21,45,000 டாலர்.

ஈயம் சும்மா விடாது. அரத்தால் ராவினால் சுருள் சுருளாக விழும், கூட்டி எடுத்துடலாம். அவசரத்தில் சாணைச் சக்கரம் வைத்தாலோ உப்புத்தாள் தேய்த்தாலோ, அது தூளாகி மூச்சில் போகும். வயிற்றுவலி வரும், மணிக்கட்டு தளர்ந்து கை தொங்கும், ரத்தத்தில் இருந்து எலும்பில் போய்த் தங்கும். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போய்க் குழந்தையையும் பிடிக்கும். 1910இலேயே இல்லினாய் மாகாணத்தில் ஆலை ஆலையாகப் போய் ஈய நோயைக் கணக்கெடுத்தவர் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர். ஆனாலும் வேலையிடக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வர 1978 ஆனது. கார்க் கம்பெனிகளும் கூரை இணைப்புகளை ஈயத்தால்தான் மறைத்தன. அங்கே தேய்க்கிறவருக்குத் தனி அறையும் காற்றுக் குழாய் வைத்த முகமூடியும் வந்தன. வீட்டுக் கொல்லைப் பட்டறைக்கு யார் கொடுப்பாங்க?

1950களில் பாலியெஸ்டர் பட்டி வந்தது. மலிவு, தீ வேண்டாம். ஆனால் அது ஓட்டையை அடைக்கிற சரக்கு இல்லை, அடைத்த ஓட்டையின் மேல் மட்டம் பார்க்கிற சரக்கு. துளைக்குள்ளேயே அப்பினால் பின்புறத்து ஈரத்தைக் குடித்து உப்பும், பெயிண்ட் கொப்பளிக்கும், துரு வெளியே வரும். ஒழுங்கான வழி: பின்னால் செம்புத் தகடு வைத்து, பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைத்து, ஒவ்வொரு பொட்டும் ஆறக் காத்திருப்பது. செம்பில் இரும்பு ஒட்டாது. அவசரப்பட்டால் மெல்லிய தகடு சூட்டில் அப்பளமா நெளியும்.

இப்போது காற்று திரும்பி அடிக்கிறது. பழைய காரை வாங்குகிற பணக்காரர்கள் அதைக் கம்பெனியில் இருந்து வந்த நாளின் நிலைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். அதாவது, கழற்றின பெயரைத் திரும்ப மாட்டி, நடுவில் வந்த சொந்தக்காரர்கள் போட்ட துளைகளை மட்டும் அடைக்கணும். கண்ணாடிக்குப் போட்டது, ரேடியோக் கம்பிக்குப் போட்டது, கூரையில் மூட்டை கட்டப் போட்டது. 'வேண்டாத துளை' என்று இதைச் சொல்கிறார்கள். யாருக்கு வேண்டாதது? மூட்டை ஏற்றிப் பிழைத்தவருக்கு அது வேண்டியிருந்தது. இரண்டாம் கை, மூன்றாம் கை வண்டியில்தான் ஏழைகள் ஓடியிருக்கிறார்கள். அவங்க வண்டி ஓட்டினதுக்கு எழுத்துச் சான்று இல்லாத இடத்தில் அந்தத் துளைகள்தான் சான்று.

மழைத்தண்ணி இறங்கும், துரு பிடிக்கும், அடைக்கத்தான் வேணும். அடைக்கும் முன்னால் அளவெடுத்து, படமெடுத்து, எந்தத் துளை எதுக்காகப் போட்டது என்று எழுதி வண்டிக் காகிதங்களோடு வைக்கலாம். உள்பக்கத்தைத் தேய்க்காமல் விடலாம். மேலே எவ்வளவு வழித்தாலும், மூடியைத் தூக்கி அடிப்பக்கம் விளக்கு அடித்துப் பார்த்தால் சூட்டில் கறுத்த சின்னச் சின்ன வட்டங்கள் அங்கே இருக்கும்.