ரங்கூன் அரிசி எங்கே போயிற்று?

நம் பாட்டன்மார் காலத்தில் தோட்டத்து லயங்களில் பொங்கிய சோறு பெரும்பாலும் சயாம் அரிசி, இல்லையேல் ரங்கூன் அரிசி. கெடா நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்றிருந்தும் மலாயாவின் தேவைக்கு அது போதவில்லை. போருக்கு முன் பர்மா ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் அரிசியை ஏற்றுமதி செய்து, உலகில் முதலிடம் வகித்தது. அப்பேர்ப்பட்ட நாட்டிலேயே 1967இல் மக்கள் அரிசிக்குத் திண்டாடினர்.

1962 மார்ச் 2ஆம் நாள் தளபதி நெ வின் ஆட்சியைக் கைப்பற்றி, 'சோஷலிசத்துக்குப் பர்மிய வழி' என்றார். பெயர்தான் சோஷலிசம், அதிகாரம் இராணுவத்தினுடையது. அவ்வாண்டு ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் சுடப்பட்டனர். மாணவர் சங்கக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1964இல் ஆளும் கட்சி தவிர ஏனைய கட்சிகள் தடைசெய்யப்பட்டன. வெளிநாட்டுப் பயணிக்கு 24 மணி நேரமே தங்க அனுமதி என்ற காலமும் இருந்தது.

நெல்லை அரசே குறைந்த விலைக்குக் கொள்முதல் செய்தது. விலை கட்டுபடியாகாதபோது உழவன் எதற்காகக் கூடுதலாக விளைவிப்பான்? விளைந்ததிலும் ஒரு பகுதி கள்ளச் சந்தைக்குப் போயிற்று. 1963இல் வங்கிகளும், 1964 மார்ச்சில் கடைகளும் அரசுடைமையாயின. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. 1987இல் 25, 35, 75 கியாட் நோட்டுகளை ஈடின்றி ஒழித்துவிட்டு, ஒன்பதால் வகுபடும் 45, 90 கியாட் நோட்டுகளை அடித்தார்கள்! அவ்வாண்டே ஐக்கிய நாடுகள் சபை பர்மாவை மிகவும் பின்தங்கிய நாடுகளுடன் சேர்த்தது. 1988 ஆகஸ்டு 8இல் மக்கள் தெருவில் இறங்கியபோது பதிலாகக் கிடைத்தது துப்பாக்கிக் குண்டு.

இதில் தமிழர் கதை என்ன? செட்டியார்கள் கடன் கொடுத்தனர். 1930களின் மந்தத்தில், கடனைக் கட்ட முடியாத உழவர்களின் வயல்கள் ஏராளமாக அவர்கள் கைக்கு மாறின. பர்மியர் கோபத்துக்குக் காரணம் இல்லாமலில்லை என்பதையும் நாம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன் யார் நிலத்தைப் பிடுங்கினான்? அவனும் சேர்ந்தே வெளியேறினான். 1964 முதல் சில ஆண்டுகளில் சுமார் மூன்று லட்சம் இந்தியர் நாடு திரும்பினர். சேமிப்பையும் நகைகளையும் கொண்டுபோக விடவில்லை. 1982இன் குடியுரிமைச் சட்டம், 1823க்கு முன்பே முன்னோர் அங்கு குடியேறியிருந்தோரையே முழுக் குடிமக்களாக ஏற்றது. அடையாளக் கார்டின் நிறம் என்ன செய்யும் என்பதை நம் தோட்டத்துப் பெரியவர்கள் அறிவார்கள்.

கப்பலில் சென்னை வந்தவர்களுள் பலர் கடற்கரை ரயில் நிலையத்தருகே கடை போட்டனர்; அதுவே பர்மா பஜார். தரைவழியே பர்மாவுக்குத் திரும்ப முயன்று எல்லையில் தடுக்கப்பட்டவர்கள் மணிப்பூரின் மோரேயிலேயே தங்கிவிட்டனர். அங்கே அவர்கள் எழுப்பிய அங்காள பரமேசுவரி கோயிலிலிருந்து பர்மா எல்லை கூப்பிடு தூரம்தான்.