டிப்ஸ் யார் பாக்கெட்டுக்குப் போகிறது?

வேலை நிமித்தமாக அமெரிக்கா போகிறவர்களிடம், அங்கே ஏற்கெனவே குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் சீனியர்கள் ஒரு பட்டியல் ஒப்பிப்பார்கள். உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டல் என்றால் பில்லில் 18-லிருந்து 20 சதவீதம். பாரில் ஒரு கோப்பைக்கு ஒரு டாலர். டாக்ஸிக்கு 15 சதவீதம். முடி வெட்டுபவருக்கு 20. தங்கும் விடுதியில் பெட்டி தூக்குபவருக்கு ஒரு பெட்டிக்கு ஒன்றிரண்டு டாலர், அறையைச் சுத்தம் செய்பவருக்கு ஓர் இரவுக்கு 2-லிருந்து 5.

அதே மூச்சில் இன்னொரு பட்டியலும் வரும். விமானப் பணிப்பெண்ணுக்குக் கொடுக்காதே. பஸ் டிரைவருக்குக் கொடுக்காதே. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுபவருக்குக் கொடுக்காதே. தபால்காரருக்குப் பணமாகக் கொடுக்கவே கூடாது. அவர் அரசு ஊழியர், ஒரு முறைக்கு 20 டாலர் மதிப்புக்குள் பரிசுப்பொருள்தான் வாங்கிக்கொள்ளலாம்.

என்ன கணக்கு இது? வேலையின் கடினத்தை வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. தரையில் தட்டு ஏந்துபவருக்கு 20 சதவீதம், 35,000 அடி உயரத்தில் தட்டு ஏந்துபவருக்கு ஒன்றுமில்லை. குளியலறை கழுவுபவருக்கு 2 டாலர், பியர் பாட்டில் மூடியைத் திறப்பவருக்கு ஒரு டாலர்.

என் தொழிலில் இப்படிப்பட்ட பட்டியல்களை அடிக்கடி பார்ப்போம். பழைய நிரல் ஒன்றில், இந்த வகை வாடிக்கையாளருக்கு மட்டும் இப்படிச் செய், அந்த வகைக்கு வேண்டாம் என்று சம்பந்தமில்லாத நிபந்தனைகள் வரிசையாக நிற்கும். தர்க்கம் தேடினால் கிடைக்காது, வரலாறு தேடினால் கிடைக்கும். என்றைக்கோ யாரோ யாரிடமோ போட்ட சண்டையின் முடிவு அங்கே ஒரு வரியாக உறைந்திருக்கும். டிப்ஸ் பட்டியலும் அப்படித்தான். பார்ப்பதற்கு நாகரிகக் குறிப்பு மாதிரி இருக்கும், உள்ளே இருப்பது சம்பளச் சண்டைகளின் வரலாறு.

*

முதலில் ஒரு கட்டுக்கதையைத் தள்ளிவிடலாம். 'டிப்' என்பது 'விரைவான சேவையை உறுதி செய்ய' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள் என்று வாட்ஸப்பில் சுற்றும் விளக்கம் தவறு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்தச் சொல் கொச்சை ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகப் புழங்கிவிட்டது. ஜார்ஜ் ஃபார்கரின் 1707ஆம் ஆண்டு நாடகத்திலேயே அது வருகிறது. முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் செய்யும் வழக்கம் எல்லாம் அதற்கு வெகு பிந்தையது.

அந்த நூற்றாண்டு இங்கிலாந்தில் இதற்கு 'வேல்ஸ்' என்று பெயர். பிரபு ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குப் போனால், கிளம்பும்போது வேலைக்காரர்கள் வாசல்வரை வரிசையாக நிற்பார்கள். தொப்பியை எடுத்துக் கொடுத்தவர், கோட்டை மாட்டிவிட்டவர், குதிரையைப் பிடித்தவர் என்று ஒவ்வொருவர் கையிலும் காசு வைக்க வேண்டும். சாப்பிட்ட விருந்தைவிட இது செலவு அதிகம் என்று அங்கலாய்த்தவர்கள் உண்டு. 1760 வாக்கில் ஜோனாஸ் ஹான்வே இதை எதிர்த்துப் புத்தகமே எழுதினார். ஸ்காட்லாந்தின் கனவான்கள் கூடி ஒழிப்புத் தீர்மானம் போட்டார்கள். 1764-ல் லண்டனில் வேலைக்காரர்கள் இதற்காகக் கலகம் செய்தார்கள்.

ஏன் கலகம்? இனாம் கிடைக்கவில்லை என்ற கோபமா? இல்லை. எஜமானர்கள் வேல்ஸைக் கணக்கில் வைத்துத்தான் சம்பளத்தையே பேசியிருந்தார்கள். அதை நிறுத்துவது அவர்களுக்குச் சம்பள வெட்டு. கொடுப்பவர் அதை அன்பளிப்பு என்று நினைக்கிறார், வாங்குபவருக்கு அது கூலி, நடுவில் நிற்கும் எஜமானருக்கு அது மிச்சம். இந்த முக்கோணத்தைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கதை சுலபம்.

*

அமெரிக்காவில் இந்தப் பழக்கம் வேரூன்றியது உள்நாட்டுப் போருக்குப் பிறகுதான். ஐரோப்பா போய்வந்த பணக்காரர்கள் அதைக் கொண்டுவந்தார்கள். ஆனால், அதைத் தேசமெங்கும் கொண்டுபோனதில் ரயிலுக்குப் பெரும் பங்கு உண்டு.

1867-ல் ஜார்ஜ் புல்மன் தன் படுக்கை வசதிப் பெட்டிகளுக்கான நிறுவனத்தைத் தொடங்கினார். ஓடும் மாளிகை மாதிரியான பெட்டிகள். அவற்றில் பயணிகளைக் கவனித்துக்கொள்ள, அண்மையில்தான் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டிருந்த கறுப்பின ஆண்களை வேலைக்கு எடுத்தார். இவர்களுக்குப் 'போர்ட்டர்' என்று பெயர். நம்மூர் ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கும் போர்ட்டர் இல்லை. நம் ஏசி பெட்டியில் கம்பளியும் தலையணையும் கொண்டுவருவாரே, அவரைப் போல. ஆனால் வேலை பத்து மடங்கு. படுக்கை விரிக்க வேண்டும், மடக்க வேண்டும், பெட்டிகளை ஏற்றி இறக்க வேண்டும், மணி அடித்தால் ஓடிவர வேண்டும், பயணிகள் தூங்கியபின் அவர்களுடைய ஷூவுக்கெல்லாம் பாலிஷ் போட வேண்டும்.

பாலிஷ் டப்பாவைச் சொந்தக் காசில் வாங்க வேண்டும். சாப்பாடும் சொந்தச் செலவு. துண்டு காணாமல் போனால் சம்பளத்தில் பிடித்தம். மாதம் 400 மணி நேரம் அல்லது 11,000 மைல் ஓடினால்தான் முழுச் சம்பளம். பெயரும் கிடையாது. பயணிகள் எல்லாப் போர்ட்டரையும் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். முதலாளி பெயர் ஜார்ஜ் புல்மன், ஆகவே அவருடைய ஆட்களும் ஜார்ஜ். அடிமையை எஜமானர் பெயரால் அழைத்த காலத்தின் மிச்சம் அது.

இவ்வளவுக்கும் சம்பளம் என்ன? 1915-ல் தொழிலுறவுகள் பற்றிய மத்திய ஆணையம் ஒன்று இதை விசாரித்தது. அப்போது போர்ட்டரின் ஆரம்பச் சம்பளம் மாதம் 27.50 டாலர். சாட்சி சொல்ல வந்தவர்களில் ஒருவர் புல்மன் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் பல வருடம் இருந்த ராபர்ட் டாட் லிங்கன். அடிமை முறையை ஒழித்த ஆபிரகாம் லிங்கனின் மகன். பயணிகள் தரும் டிப்ஸை நம்பித்தான் இந்தச் சம்பளம் ஓடுகிறது என்பது அந்த விசாரணையில் பதிவாயிற்று. அப்பா விடுதலை செய்தவர்களின் பிள்ளைகளுக்குக் கூலி கொடுக்கும் வேலையை மகன் நடத்திய நிறுவனம் பயணிகளிடம் விட்டுவிட்டது. இதை எந்த நாவலாசிரியராவது எழுதியிருந்தால் ரொம்ப ஓவர் என்றிருப்போம்.

*

1925 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஹார்லெமில் படுக்கைப்பெட்டிப் போர்ட்டர்களின் தொழிற்சங்கம் பிறந்தது. தலைவர் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப். அவர் போர்ட்டர் இல்லை, பத்திரிகை நடத்தியவர். அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். புல்மன் அவரை வேலையை விட்டுத் தூக்க முடியாதே!

இந்தச் சங்கம் செய்த ஒரு காரியம்தான் எனக்கு இந்த வரலாற்றிலேயே மிக முக்கியமாகப் படுகிறது. ரயில்வே கட்டணங்களை ஒழுங்குபடுத்தும் மத்திய ஆணையத்திடம் அவர்கள் ஒரு புகார் கொடுத்தார்கள். டிப்ஸ் கிடைக்கும் என்று சொல்லி ஆளெடுக்கும் பழக்கத்தை நிறுவனம் நிறுத்த வேண்டும் என்பது கோரிக்கை. யோசித்துப் பாருங்கள், டிப்ஸ் வாங்குபவர்களே டிப்ஸுக்கு எதிராக மனுப்போடுகிறார்கள். சிரித்துக்கொண்டே ஷூ துடைத்தால்தான் வீட்டில் அடுப்பெரியும் என்ற நிலை எவ்வளவு அவமானம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1928-ல் ஆணையம் இது தன் அதிகார வரம்புக்குள் வராது என்று கையை விரித்துவிட்டது.

போராட்டம் மொத்தம் 12 வருடம் நீடித்தது. 1937 ஆகஸ்டில் புல்மன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. மாத வேலை நேரம் 400-லிருந்து 240 மணியாகக் குறைந்தது, சம்பளம் உயர்ந்தது.

இதற்கு நடுவில் 1930-ல் இன்னொன்று நடந்தது. போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவனம் எல்லன் சர்ச் என்ற நர்ஸை விமானப் பணிப்பெண்ணாக வேலைக்கு எடுத்தது. உலகின் முதல் விமானப் பணிப்பெண் அவர். அவரோடு சேர்ந்த முதல் குழுவில் எல்லோரும் வெள்ளைக்கார நர்ஸ்கள். சம்பளம் மாதம் 125 டாலர், பறக்கும் நேரம் 100 மணி. சாப்பாடு பரிமாறுவது, தலையணை கொடுப்பது, பயணியின் பதற்றத்தைத் தணிப்பது எல்லாம் போர்ட்டர் செய்ததற்குப் பக்கத்து வேலைதான். ஆனால் இவர்களை நிறுவனம் மருத்துவப் பயிற்சி பெற்றவர்களாக முன்நிறுத்தியது, சம்பளத்தையும் தானே கொடுத்தது. விமானத்தில் இன்றுவரை டிப்ஸ் வழக்கமாகவில்லை. பட்டியலில் விமானப் பணிப்பெண் ஏன் 'கொடுக்காதே' பக்கம் இருக்கிறார் என்பதற்கான பதிலின் பெரும்பகுதி இங்கே இருக்கிறது.

*

டிப்ஸைச் சட்டம் போட்டு ஒழிக்கவும் முயன்றார்கள். 1909-ல் வாஷிங்டன் மாநிலம் தொடங்கியது. மிசிசிபி, அர்கான்சா, அயோவா, தென் கரோலினா, டென்னசி தொடர்ந்தன. டிப்ஸ் ஜனநாயகத்துக்கு விரோதம் என்று வாதிட்டு வில்லியம் ஸ்காட் 1916-ல் ஒரு நூலே எழுதினார். சமமானவர்கள் வாழும் நாட்டில் ஒருவர் கை நீட்டுவதும் இன்னொருவர் காசு போடுவதும் என்ன பழக்கம் என்பது வாதம். நல்ல வாதம்தான். ஆனால் கையை மடக்கச் சொன்ன சட்டம், கை ஏன் நீள்கிறது என்று கேட்கவில்லை. சம்பளத்தைத் தொடாத சட்டங்கள் எப்படி நிற்கும்? 1926-க்குள் எல்லாம் காலாவதியாகிவிட்டன.

அதன்பின் சட்டம் எதிர்த்திசையில் திரும்பியது. 1938-ல் ரூஸ்வெல்ட் காலத்தில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது, மணிக்கு 25 சென்ட். விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்பவர்களும் அதில் இல்லை. ஓட்டல், உணவகத் தொழிலாளர்களில் பெரும்பாலோரும் வெளியேதான். 1966-ல் அவர்களை உள்ளே சேர்த்தார்கள், கூடவே ஒரு வாலையும் ஒட்டினார்கள். தொழிலாளிக்குக் கிடைக்கும் டிப்ஸை, குறைந்தபட்சக் கூலியில் பாதிவரை, முதலாளி தான் கொடுத்த கூலியாகக் கணக்குக் காட்டிக்கொள்ளலாம்.

1991-ல் குறைந்தபட்சக் கூலி 4.25 டாலர் ஆனது. அதில் பாதி 2.13. 1996-ல் கூலியை உயர்த்தியபோது இந்த 2.13-ஐ மட்டும் பாதி என்ற விகிதத்திலிருந்து அறுத்து அப்படியே நிறுத்திவிட்டார்கள். மத்தியச் சட்டத்தில் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் 7.25. டிப்ஸ் வாங்குபவர்களுக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டியது இன்றைக்கும் 2.13தான். டிப்ஸ் சேர்ந்தும் 7.25 வரவில்லை என்றால் மீதியை முதலாளி தர வேண்டும்.

இதை ஒருதரம் போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு மணி நேரத்தில் டிப்ஸே வரவில்லை என்றால் முதலாளி 7.25 தர வேண்டும். 3 டாலர் வந்தால் அவர் 4.25 தந்தால் போதும். 5.12 வந்தால் 2.13 போதும். இந்த மூன்றிலும் பரிமாறிய பெண்ணின் கைக்கு வருவது அதே 7.25. ஆக, ஒவ்வொரு மணி நேரத்திலும் முதல் 5 டாலர் 12 சென்ட் டிப்ஸ் அவருக்குப் போகவில்லை, முதலாளிக்குப் போகிறது. அதற்கு மேல் வருவதுதான் அவருடையது. அவர் கையில் நோட்டைக் கொடுத்ததாகத்தான் வாடிக்கையாளர் நினைத்துக்கொண்டிருப்பார்.

எல்லா மாநிலமும் இப்படி இல்லை. கலிஃபோர்னியா, வாஷிங்டன், மினசோட்டா உட்பட 7 மாநிலங்களில் முழுக் கூலியையும் முதலாளியே தர வேண்டும். அங்கேயும் அதே 20 சதவீதம்தான் எதிர்பார்க்கிறார்கள். காரணம் போனாலும் பழக்கம் போகாது.

*

இந்தக் கணக்கு என் தொழிலுக்குள்ளும் வந்தது. சாப்பாடு கொண்டுவரும் செயலிகள் பரவியபோது, டோர்டேஷ் ஒவ்வொரு டெலிவரிக்கும் குறிப்பிட்ட தொகைக்கு உத்தரவாதம் தந்தது. அது 7 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் எதுவும் தராவிட்டால் நிறுவனம் 7 தரும். 3 டாலர் டிப்ஸ் வந்தால் நிறுவனம் 4 தரும். கொண்டுவந்தவருக்கு எப்படியும் 7தான். 2019-ல் இது வெளியே வந்து கடும் எதிர்ப்புக் கிளம்பியபின் முறையை மாற்றினார்கள். அமேசான் ஃப்ளெக்ஸ் ஓட்டுநர்களின் டிப்ஸைக் கூலியில் ஈடுகட்டிய வழக்கில் அமேசான் 2021-ல் 6.17 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

செய்தியைப் படித்த பலர் 'டிப்ஸ் திருட்டு' என்றார்கள். நான் முதலில் கவனித்தது அந்தக் கழித்தல் குறியைத்தான். உத்தரவாதத் தொகையிலிருந்து டிப்ஸைக் கழி, மீதியைக் கொடு. ஒரே வரி. யாரோ அதைத் தட்டச்சு செய்திருப்பார்கள், இன்னொருவர் சரிபார்த்திருப்பார், சோதனைகளில் எல்லாம் பச்சை விளக்கு எரிந்திருக்கும். நிரலில் பிழை எதுவும் இல்லையே! 1966-ன் சட்டத்தையும் புல்மனின் சம்பளப் பட்டியலையும் அது பிசகில்லாமல் திரும்பச் செய்தது. அந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பவர்கள் என்னைப் போன்றவர்கள். அந்தக் கழித்தல் குறியைப் பார்த்ததும் யாருடைய கூலி இது என்று ஒரு கேள்வி கேட்பதற்குப் பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை.

சரி, அப்படியானால் டிப்ஸ் கொடுக்கலாமா, வேண்டாமா? கொள்கைக்காக நிறுத்துகிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். 1764-லேயே அது செய்து பார்த்தாயிற்று. முதலாளிக்கு வலிக்காது, தட்டு ஏந்துபவருக்குத்தான் வலிக்கும். வேறு வழி வரும்வரை கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்கும்போது நம் தாராள மனதைப் பற்றி மட்டும் பெருமைப்பட வேண்டாம். நாம் கொடுப்பது அன்பளிப்பு இல்லை, இன்னொருவர் கொடுத்திருக்க வேண்டிய சம்பளத்தின் ஒரு தவணை.