படிக்கட்டும் ஒரு நிறுத்தத் தூரமும்

லண்டனின் ஈரடுக்குப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்த மருத்துவர் ஜெரி மாரிஸ், முடிவுகளை 1953ல் வெளியிட்டார். உட்கார்ந்தே வண்டி ஓட்டியவர்களைவிட, நாளுக்கு 500 முதல் 750 படிகள் ஏறிப் பயணச்சீட்டு கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. ஓட்டுநர்கள் வேலையில் சேரும்போதே சற்றுப் பருமனாக இருந்தனர் என்பதைச் சீருடை அளவுகளைக் கொண்டு மாரிஸே பின்னர் காட்டினார். ஆனால், நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுத்த அஞ்சல்காரர்களிடமும் அதே போக்கு தெரிந்தது.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. முன்பு பல வீவக புளோக்குகளில் மின்தூக்கி சில தளங்களில் மட்டுமே நிற்கும். மற்றவர்கள் ஒன்றிரண்டு மாடி ஏறித்தான் வீடு சேர்வார்கள். 2001ல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் அந்தச் சிரமத்தைப் போக்கியது. முதியோருக்கு அது பெரிய நிம்மதி. கால் நன்றாக இருப்பவர்களும் படிக்கட்டை மறந்துவிட்டதுதான் இழப்பு. இங்குள்ள இந்தியர்களிடையே நீரிழிவு, சீனர்களைவிட அதிகம் என்பதால் அது சிறிய இழப்பும் அன்று.

பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கம் தேவை. ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடம் செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதியை உலகச் சுகாதார நிறுவனம் 2020ல் கைவிட்டது. மூன்று மாடி ஏறுவதும் கணக்கில் சேரும்.

வேகத்தை அறிய எளிய வழி: பேச முடியும், பாட முடியாது என்றால் அது மிதமான வேகம். பெரும்பாலோருக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 100 அடி. தேக்கா சந்தையில் மீன் விலை கேட்டு நின்று நின்று நகர்வது அதில் சேராது. இரண்டு பைகளுடன் விறுவிறுவென்று வீடு திரும்புவது சேரும். ஃபேரர் பார்க் போகிறவர் லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்திலேயே இறங்கி நடக்கலாம். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் அது நடக்காத காரியம். வேலை நாள் காலை வசதி.

பத்தாயிரம் அடி எட்டவில்லையே என்று வருந்த வேண்டாம். அந்த எண் ஆய்வில் பிறந்ததன்று. 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயர் அது.

சில வாரங்கள் தொடர்ந்தால், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தை அனுப்பப் பழகும். அதே மாடியில் மூச்சிரைப்பு குறையும். ஏறும்போது நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்கவேண்டும். இதய நோயாளிகளும் இன்சுலின் போடுபவர்களும் தொடங்குமுன் தங்கள் பலதுறை மருந்தகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.