சுக்கானை விட்டுவிட்டுத் தூங்கியவர்கள்

பாய்மரப் படகில் தன்னந்தனியாக உலகைச் சுற்றியவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். புயல், பசி, தனிமை எல்லாம் இருக்கட்டும். இவர்கள் எப்போது தூங்கினார்கள்?

கேலியாகக் கேட்கவில்லை. சின்னப் பாய்மரப் படகில் சுக்கான் பிடியை விட்டுப் பாருங்கள். பெரும்பாலான படகுகள் சில நொடிகளில் காற்றுக்கு முகம் காட்டித் திரும்பிவிடும், பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும். காற்று பின்னாலிருந்து வீசும்போது இன்னும் மோசம். பாய் சடாரென்று மறுபக்கம் பாயும், நடுவில் தலை இருந்தால் தலைக்கு உத்தரவாதம் இல்லை. ஆக, ஒருவர் எப்போதும் சுக்கானைப் பிடித்திருக்க வேண்டும். இருப்பதே ஒருவர்தான் என்றால்?

இதற்கு முதலில் விடை சொன்னவர் ஜோஷுவா ஸ்லோகம். 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து 'ஸ்ப்ரே' என்ற 37 அடிப் படகில் கிளம்பி, 1898 ஜூனில் திரும்பினார். தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் இவர்தான். அவரிடம் எந்தக் கருவியும் இல்லை. பாய்களைச் சரியாக வைத்து, சுக்கான் சக்கரத்தைக் கயிற்றால் கட்டிவிட்டு, கீழே போய்ப் புத்தகம் படிப்பார்! ஆஸ்திரேலியாவின் வடக்கேயுள்ள தேர்ஸ்டே தீவிலிருந்து இந்தியப் பெருங்கடலின் கீலிங் தீவுகள் வரை 2,700 மைல், 23 நாள். அதில் தான் சுக்கானைப் பிடித்தது மொத்தம் மூன்று மணி நேரம்கூட இல்லை என்று எழுதியிருக்கிறார். ஸ்ப்ரேயின் அடிக்கட்டை நீளம், பாய்கள் முன்னும் பின்னுமாகப் பரவியவை. அதனால்தான் அது சாத்தியமாயிற்று. எல்லாப் படகும் இப்படி நடந்துகொள்ளாது.

(ஸ்லோகம் சொன்ன இன்னொரு கதையும் உண்டு. அசோர்ஸ் தீவுகளில் கிடைத்த பிளம்ஸ் பழமும் பாலாடைக்கட்டியும் தின்று, வயிற்று வலியில் சுருண்டு கிடந்தாராம். கண் திறந்தால் சுக்கானருகே ஒரு நெட்டை மனிதன்! கொலம்பஸின் 'பின்டா' கப்பலின் மாலுமி என்று அறிமுகம் வேறு. காலையில் பார்த்தால் படகு 90 மைல் சரியான திசையில் ஓடியிருந்தது. உலகின் முதல் ஆட்டோபைலட் ஒரு ஆவி என்று வைத்துக்கொள்ளலாம்.)

படகு அமைவதைப் பொறுத்த அதிர்ஷ்டம் என்ற நிலை மாறி, எந்தப் படகிலும் பொருத்தக்கூடிய கருவி வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. யோசனை விளையாட்டுப் படகுகளிலிருந்தும் வந்தது. குளத்தில் விடும் மாதிரிப் பாய்மரப் படகுகளுக்கு 1930களிலேயே காற்றுத் தகடு வைத்துத் திசை காக்கப் பழகியிருந்தார்கள். அதைப் பெருங்கடலுக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ஹெர்பர்ட் 'பிளாண்டி' ஹேஸ்லர். 1942ல் துடுப்புப் படகுகளில் போய் போர்டோ துறைமுகத்தில் ஜெர்மனிக்காக ஓடிய கப்பல்களுக்கு வெடி வைத்தாரே, அதே ஹேஸ்லர்தான். தனியாள் அட்லாண்டிக் பந்தயம் என்ற யோசனையே அவருடையது. 1960ல் நடந்த முதல் பந்தயத்தில் ஐந்தே படகுகள். 58 வயது பிரான்சிஸ் சிசெஸ்டர் 40 நாளில் முதலாவது. 25 அடி 'ஜெஸ்டர்' படகில் ஹேஸ்லர் 48 நாளில் இரண்டாவது. இருவர் படகிலும் காற்றுத் தகடு இருந்தது. சிசெஸ்டர் தன்னுடையதற்கு 'மிராண்டா' என்று பெயரே வைத்திருந்தார்.

ஹேஸ்லர் மேம்படுத்திய அமைப்பை விளக்காமல் போக மனம் வரவில்லை. காற்றில் நிற்கும் மெல்லிய தகட்டுக்குச் சுக்கானைத் திருப்பும் பலம் கிடையாது. ஆகவே அவர் அதனிடம் அந்த வேலையைக் கேட்கவே இல்லை. படகின் பின்னால் துடுப்பு போன்ற பலகை ஒன்று தண்ணீரில் தொங்கும். படகு திசை மாறினால் தகடு சாய்ந்து, அந்தப் பலகையைக் கொஞ்சம் திருகும், அவ்வளவுதான். ஓடும் படகுக்கு அடியில் பாயும் தண்ணீர் திருகிய பலகையைப் பக்கவாட்டில் வீசித் தள்ளும். கடிகாரப் பெண்டுலம் போல அது ஆட, அதில் கட்டிய கயிறுகள் சுக்கான் பிடியை இழுத்துப் படகைத் திருத்தும். தகடு உத்தரவு போடுகிறது, கடல் உழைக்கிறது. மின்சாரம் ஒரு சொட்டுகூட வேண்டாம். படகு வேகமெடுக்க எடுக்க இதற்குப் பலம் கூடும். என்னைக் கேட்டால், தனியாள் கடற்பயண வரலாற்றில் இதற்கு இணையான கண்டுபிடிப்பு இல்லை.

ஆனால் உடையும். 1964 பந்தயத்தில் எரிக் தபார்லியின் கருவி எட்டாவது நாளே போய்விட்டது. அவர் தானே ஓட்டி 27 நாளில் ஜெயித்தார். சிசெஸ்டர் 1966ல் 'ஜிப்சி மாத் 4' படகில் சிட்னி நோக்கிப் போகையில், இன்னும் 2,000 மைலுக்கு மேல் இருக்கும்போது உடைந்தது. ஒரு சிறிய பாயின் கயிற்றைச் சுக்கான் பிடியோடு இணைத்து, படகு தன்னைத் தானே திருத்திக்கொள்ளும்படி செய்து 107ஆம் நாளில் போய்ச் சேர்ந்தார். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், நம் பம்பாயில் தேக்கில் கட்டிய 32 அடி 'சுஹைலி'யில் 1968-69ல் எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிய முதல் ஆள். அவருடைய கருவி ஆஸ்திரேலியாவை எட்டும்போதே கைவிட்டது. மீதி வழி ஸ்லோகம் முறைதான்: பாயைச் சரிசெய், சுக்கானைக் கட்டு, தூங்கு.

1970களில் மின்சார ஆட்டோபைலட் சின்னப் படகுகளுக்கும் வந்தது. இங்கிலாந்தின் நாட்டெக் கம்பெனி விற்ற 'ஆட்டோஹெல்ம்' பிரபலம். உள்ளே திசைகாட்டி, ஒரு மோட்டார், சுக்கான் பிடியைத் தள்ளி இழுக்கும் தண்டு. காற்றே இல்லாமல் எஞ்சினில் போகும்போதும் வேலை செய்யும், தகட்டால் அது முடியாது. பதிலுக்கு பேட்டரியைக் குடிக்கும், அலை மோசமாக மோசமாக இன்னும் அதிகம் குடிக்கும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஆட்டோபைலட் பிடிப்பது திசையை, தகடு பிடிப்பது காற்றை. இரவில் காற்று மெல்லத் திரும்பினால், தகடு கட்டிய படகும் சத்தமில்லாமல் கூடவே திரும்பிவிடும். கரை பக்கத்தில் இருந்தால் தூங்குகிறவர் கதி என்ன!

இரண்டுக்கும் பொதுவான குறையும் ஒன்று உண்டு. இவை ஓட்டும், பார்க்காது. எதிரே கப்பல் வந்தாலும் அதே பாதைதான். எந்நேரமும் கண்காணிப்பு வேண்டும் என்பது கடல் விதி. தனியாகப் போகிறவர் தூங்கும் ஒவ்வொரு முறையும் அந்த விதியை மீறுகிறார். ஆள் தவறி விழுந்தாலும் படகு ஒழுங்காகத் தன் வழியே போய்க்கொண்டேயிருக்கும்.

2022 செப்டம்பரில் தொடங்கிய கோல்டன் குளோப் பந்தயத்தில் பழைய காலக் கருவிகளுக்கு மட்டுமே அனுமதி. மின்சார ஆட்டோபைலட் கூடாது, காற்றுத் தகடு மட்டும். கிளம்பிய 16 பேரில் நிற்காமல் முடித்தவர்கள் மூவர். நம் கடற்படையின் முன்னாள் கமாண்டர் அபிலாஷ் டோமி இரண்டாவது. வழியெல்லாம் தகட்டைப் பழுது பார்த்தபடியேதான் வந்தார். முன்னணியில் இருந்த பிரிட்டிஷ்காரர் சைமன் கர்வெனின் தகடு ஹார்ன் முனைக்கு முன்பே உடைந்தது. சிலியில் கரை ஒதுங்கிச் சரிசெய்ததால், ஒருமுறை நின்றவர்களுக்கான பிரிவுக்குத் தள்ளப்பட்டார். 2023 ஏப்ரல் 27 அன்று கோட்டை முதலில் கடந்த படகு அவருடையதுதான். அதே நாள் இரவு வந்த தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நொய்ஷேஃபருக்குக் கிடைத்தது வெற்றி.