தியடோர் செட்ஜ்விக் (1746–1813)

அமெரிக்க வழக்கறிஞர், நாடாளுமன்றவாதி, நீதிபதி. கனெக்டிகட்டின் வெஸ்ட் ஹார்ட்ஃபோர்டில் பிறந்தார். யேல் கல்லூரிப் படிப்பை முடிக்கவில்லை. சிறிது காலம் இறையியல் கற்று, பிறகு சட்டத்துக்கு மாறினார். 1766-இல் வழக்கறிஞராகி, மேற்கு மசாசூசெட்ஸின் ஷெஃபீல்டில் தொழில் நடத்தினார்.

1773 ஜனவரியில் அவ்வூர்ப் பிரமுகர்கள் கர்னல் ஜான் ஆஷ்லியின் வீட்டில் கூடி, பிரிட்டிஷ் ஆட்சியைக் கண்டித்துத் தீர்மானங்கள் வகுத்தார்கள். மனிதர் எல்லோரும் இயல்பிலேயே சமமானவர்கள், சுதந்திரமானவர்கள் என்றது முதல் தீர்மானம். அவற்றை எழுத்தில் வடித்தவர் செட்ஜ்விக். அதே வீட்டில் பெட் என்ற கறுப்பினப் பெண் அடிமையாக உழைத்துவந்தார். ஆஷ்லியின் மனைவி இன்னொரு பெண்ணை அடிக்கப் பழுக்கக் காய்ச்சிய கரண்டியை ஓங்கியபோது குறுக்கே புகுந்து, அந்த அடியைத் தன் கையில் வாங்கியவர் அவர். தழும்பு கடைசிவரை மறையவில்லை.

பிறப்பால் அனைவரும் சமம் என்று 1780-இன் மசாசூசெட்ஸ் அரசியல் சாசனமும் அறிவித்தது. அது தனக்கும் பொருந்தாதா என்று பெட் செட்ஜ்விக்கின் உதவியை நாடினார். ஆஷ்லியோ செல்வாக்கு மிக்கவர், செட்ஜ்விக்குக்கு நெருக்கமானவரும்கூட. இருந்தும் வழக்கை ஏற்றார். 1781 ஆகஸ்டில் கிரேட் பாரிங்டன் நீதிமன்றத்தில் அவரும் வழக்கறிஞர் டாப்பிங் ரீவும் பெட்டுக்காகவும் பிராம் என்ற இன்னொரு அடிமைக்காகவும் வாதாடினார்கள். இருவரும் அடிமைகள் அல்லர் என்று ஜூரி தீர்ப்பளித்தது. 30 ஷில்லிங் இழப்பீடும் கிடைத்தது. ஆஷ்லி மேல்முறையீடு செய்து, பின்னர் கைவிட்டார். சாசனத்தின் ஒரு வரிக்கு உயிர் கொடுத்த இந்த வாதமே செட்ஜ்விக்கின் ஆகப்பெரிய சாதனை.

எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் மாற்றிக்கொண்ட பெட், செட்ஜ்விக் வீட்டில் கூலிக்கு வேலை செய்தார். 1787-இல், மசாசூசெட்ஸ் அரசுக்கு எதிராக எழுந்த ஷேஸ் கலகக்காரர்கள் அவ்வீட்டைச் சூறையாட வந்தபோது, வெள்ளிப் பாத்திரங்களைத் தன் பெட்டியில் ஒளித்துக் காத்தவரும் அவரே. செட்ஜ்விக்கின் மகளும் நாவலாசிரியையுமான கேதரின் மரியா இவற்றைப் பதிவுசெய்திருக்கிறார்.

ஃபெடரலிஸ்ட் கட்சிக்காரரான செட்ஜ்விக், எளிய மக்கள் ஆட்சியில் கைவைப்பதை விரும்பாதவர். பிரதிநிதிகள் சபை, செனட் இரண்டிலும் இருந்தார். 1799 முதல் 1801 வரை சபாநாயகர். அமெரிக்க அதிபர் தேர்தலில் தாமஸ் ஜெஃபர்சனும் ஆரன் பர்ரும் தலா 73 வாக்குகளில் சமநிலையில் நின்றபோது, சபை 36 சுற்று வாக்களித்து ஜெஃபர்சனைத் தேர்ந்தெடுத்தது. அவரை அடியோடு எதிர்த்த செட்ஜ்விக்கின் தலைமையிலேயே அது நடந்தது.

1802-இல் மசாசூசெட்ஸ் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 1810-இல் ஆப்பிரிக்க அடிமை வணிகம் சார்ந்த ஓர் ஒப்பந்தத்தைச் செல்லும் என்று பெரும்பான்மை ஏற்றது. அவர் மறுத்து எழுதினார். 1813 ஜனவரி 24 அன்று பாஸ்டனில் இறக்கும்வரை அப்பதவியில் நீடித்தார்.